காகிதமே கூலி: பேக்கர்ஸ்ஃபீல்டில் ஊரார் எழுதிய பத்திரிகை

பள்ளிப் பிள்ளைகள் பேஸ்பால் ஆடினால் அது எப்போது நாளிதழில் படத்தோடு வரும்? அமெரிக்காவின் நடுத்தர நகரம் ஒன்றில் 2004 வரை இதற்குப் பதில் ஒன்றுதான்: அநேகமாக வராது. ஆட்டம் மாநில இறுதிப் போட்டியாக இருக்க வேண்டும். அல்லது பந்து பட்டு யாராவது மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். மற்றபடி அந்தப் படம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டிருக்கும், அவ்வளவுதான். அந்தக் கதவில் இருந்த படத்தை அச்சுக்குக் கொண்டுவர ஓர் உள்ளூர் நாளிதழ் எடுத்த ‘நார்த்வெஸ்ட் வாய்ஸ்’ என்ற முயற்சிதான் இந்த ஆய்வின் பொருள். நிருபர் அல்லாத சாதாரண மக்களே செய்தி எழுதுவதைக் குறிக்கும் ‘குடிமக்கள் இதழியல்’ என்ற கனமான பெயரில் அது உலகெங்கும் பேசப்பட்டது. என் பார்வையில் அந்தப் பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

ஊரும் பத்திரிகையும்

லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே சுமார் 175 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பேக்கர்ஸ்ஃபீல்டு. கலிஃபோர்னியாவின் கெர்ன் மாவட்டத் தலைநகர். எண்ணெய்க் கிணறுகள், பாதாம் தோப்புகள், திராட்சைத் தோட்டங்கள், கோடையில் வறுத்தெடுக்கும் வெயில். கலிஃபோர்னியா என்றதும் நினைவுக்கு வரும் கடற்கரைக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 2,47,000 பேர் இருந்த நகரம், பத்தே ஆண்டுகளில் 3,47,000-ஐத் தொட்டது. அந்த வளர்ச்சியில் பெரும்பங்கு நகரின் ஓரங்களில் நடந்தது. வடமேற்கில், ரோஸ்டேல் பக்கம், விளைநிலங்கள் மனைகளாகி, ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. குடிவந்தவர்கள் இளம் குடும்பத்தார். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று தெரியாது. தெருவின் ஒரு பகுதி நகர எல்லைக்குள், மறு பகுதி வெளியே என்ற நிலையும் உண்டு. சாலையில் பள்ளம் விழுந்தால் நகர மன்றத்திடம் சொல்வதா, மாவட்ட மேற்பார்வையாளர் குழுவிடம் சொல்வதா என்பதே விளங்காது.

ஊரின் நாளிதழ் ‘தி பேக்கர்ஸ்ஃபீல்டு கலிஃபோர்னியன்’. 1866-இல் ஹவிலா என்ற சுரங்க ஊரில் வார இதழாகப் பிறந்து, 1872-இல் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு இடம் பெயர்ந்த பத்திரிகை. 1897-இல் ஆல்ஃபிரட் ஹாரல் அதை வாங்கினார். அதன் பிறகு நூறாண்டுக்கும் மேலாக அவருடைய வாரிசுகளே உரிமையாளர்கள். இந்தத் தகவலைப் போகிறபோக்கில் விட்டுவிடக் கூடாது. பங்குச் சந்தைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டிய பெரும் நிறுவனமாக இருந்திருந்தால், லாபம் வருமா என்று தெரியாத ஒரு விளையாட்டுக்கு இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

வடமேற்குக் குடும்பங்கள் இந்த நாளிதழைப் போதிய அளவில் வாங்கவில்லை. அவர்களுடைய தெரு அதில் இல்லை என்பதால் அவர்கள் வாங்கவில்லை. அவர்கள் வாங்காததால் அங்கே நிருபரைப் போட ஆதாயம் இல்லை. விளம்பரத்திலும் இதே முட்டுக்கட்டைதான். வடமேற்கில் புதிதாகத் திறந்த பல் மருத்துவமனைக்கோ நடனப் பள்ளிக்கோ நகரம் முழுவதற்கும் விளம்பரம் செய்ய என்ன தேவை? கட்டணமும் கட்டுப்படியாகாது.

மேலே இன்னொரு மேகம் திரண்டுகொண்டிருந்தது. 2000-இல் அமெரிக்க நாளிதழ்களுக்கு வரி விளம்பரங்களால் வந்த வருமானம் 1,900 கோடி டாலருக்கு மேல். ‘கிரெய்க்ஸ்லிஸ்ட்’ போன்ற இலவசத் தளங்கள் அந்தக் கஜானாவின் அடியில் ஓட்டை போடத் தொடங்கிய காலம் அது. வாடகை வீடு, பழைய கார், வேலைக்கு ஆள் தேவை என்று மூன்று வரியில் வரும் அந்த விளம்பரங்களின் காசில்தான் நகர மன்றக் கூட்டத்துக்கு நிருபரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

வாய்ஸ் எப்படி நடந்தது

2004 மே மாதம், வடமேற்குப் பகுதிக்கென்றே இந்த நாளிதழ் நடத்திய ‘நார்த்வெஸ்ட் வாய்ஸ்’ (வடமேற்கின் குரல்) தொடங்கியது. பொறுப்பேற்று நடத்தியவர் மேரி லூ ஃபுல்டன். லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸில் நிருபராக இருந்தவர். பிறகு வாஷிங்டன் போஸ்டின் இணையப் பிரிவிலும் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்திலும் வேலை பார்த்தவர். செய்தி அறையின் பழக்கமும் தெரியும், இணையத்தில் சாதாரண மக்கள் எதைப் பேச விரும்புகிறார்கள் என்பதும் தெரியும். செய்தியாளர்கள் காலங்காலமாக வாயிற்காவலராக நின்று, “இது செய்தி இல்லை” என்று ஊர்க்காரரைத் திருப்பி அனுப்பிவந்தார்கள். நாம் வாசலைத் திறந்துவிடுவோம் என்பது அவருடைய நிலைப்பாட்டின் சாரம்.

நடைமுறை எளிது. வாசகர் தளத்தில் பதிவு செய்துகொள்வார். தலைப்பு, கட்டுரை, படம் ஆகியவற்றை அவரே ஏற்றுவார். அது உடனே வெளியே தெரியாது. ஆசிரியரின் பார்வைக்கு வரிசையில் நிற்கும். அவதூறு, ஆபாசம், பிறருடைய எழுத்தைத் திருடியது ஆகியவை தவிர மற்றதெல்லாம் தளத்தில் ஏறிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவற்றிலிருந்து பொறுக்கி, சிறு இதழாக அச்சிட்டு, வடமேற்கில் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இலவசமாகப் போட்டார்கள். கட்டுரை எழுதியவருக்குப் பணம் கிடையாது. ஆசிரியர் வேலைக்கு இருந்ததும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான்.

அச்சில் வந்ததை இணையத்தில் ஏற்றுவதுதான் அன்றைய வழக்கம். இங்கே இணையத்தில் வந்தது அச்சுக்கு இறங்கியது. இந்தத் தலைகீழ் வரிசையைத்தான் அப்போது எல்லோரும் வியந்து பேசினார்கள். ஆனால் வியக்க வேண்டியது அச்சு இதழின் வேலையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இணையத்தில் மட்டும் எழுதச் சொல்லியிருந்தால் நாலு பேர் எழுதியிருப்பார்கள், நாற்பது பேர் பார்த்திருப்பார்கள். தாத்தா வீட்டு வாசலில் வந்து விழும் காகிதத்தில் பேத்தியின் படம் இருக்கும் என்ற நிச்சயம் இருந்ததால்தான் ஒரு தாய் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து படத்தை ஏற்றினாள். அந்தக் காகிதம்தான் அவளுக்குக் கிடைத்த கூலி.

என்ன எழுதினார்கள்? பள்ளி விளையாட்டு, தேவாலய விழா, செல்ல நாய், சமையல் குறிப்பு, சாரணர் முகாம், பணம் திரட்ட நடத்திய கார் கழுவும் நிகழ்ச்சி. சிலர் தொடர் பத்தி எழுதுபவர்களாகவே மாறினார்கள். நம் நாளிதழ்களில் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ என்று பொடி எழுத்தில் வருமே, கும்பாபிஷேகத்திலிருந்து கண் சிகிச்சை முகாம் வரை, அந்தப் பகுதி மட்டும் எழுந்து நின்று, படமும் பெயரும் பெற்று, தனிப் பத்திரிகையாக நடந்தால் எப்படி இருக்கும்? அதுதான் வாய்ஸ்.

இதைப் படித்து உதட்டைப் பிதுக்கிய தொழில்முறைச் செய்தியாளர்கள் நிறைய. இதுவா இதழியல் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் கேட்ட இடம் தவறு. வாய்ஸில் எழுதிய யாரும் தன்னை நிருபர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பட்டம் மாநாடுகளில் வெளியூர்க்காரர்கள் சூட்டியது. அப்போது எல்லோருக்கும் முன்னுதாரணம் தென் கொரியாவின் ‘ஓமைநியூஸ்’. 2000 பிப்ரவரி 22 அன்று 727 குடிமக்கள் நிருபர்களோடு தொடங்கி, எழுதியவர்களுக்குச் சிறு தொகையும் கொடுத்த தளம். 2002 அதிபர் தேர்தலில் வென்ற ரோ மூ ஹியூன் தம் முதல் நேர்காணலை அதற்குத்தான் தந்தார். அங்கே பழைமைவாதப் பெருநாளிதழ்களின் மீது இளைஞர்களுக்கு இருந்த கோபம் பேனாவை எடுக்க வைத்தது. பேக்கர்ஸ்ஃபீல்டின் புது மனைகளில் யாருக்கும் அப்படிக் கோபம் இல்லை. தனிமைதான் இருந்தது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததில்தான் எதிர்பார்ப்பு தறிகெட்டுப் போனது.

காசும் சட்டமும்

வருமானம் அச்சு இதழிலிருந்து வந்தது. நாளிதழ் பக்கமே எட்டிப் பார்க்காத சிறு கடைக்காரர்கள் இங்கே விளம்பரம் கொடுத்தார்கள். தங்கள் கடைக்கு நடந்தும் காரிலும் வரக்கூடியவர்களுக்கு மட்டும் இதழ் போகிறது என்பதுதான் காரணம். நாளிதழின் அச்சகமும் விநியோக ஆட்களும் ஏற்கெனவே இருந்தார்கள் என்பதால் கூடுதல் செலவும் குறைவு. தளத்தில் வந்த விளம்பரக் காசு இதோடு ஒப்பிட்டால் சில்லறை. ஆக, இணையப் புரட்சி என்று உலகம் பார்த்த ஒன்று, உள்ளே ஓர் இலவச வட்டார இதழின் கணக்கில்தான் நின்றது. இதில் கேவலம் ஒன்றும் இல்லை. எந்தப் பானையில் சோறு வெந்தது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சட்டத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டின் தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டத்தில் 230-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பயனர் ஏற்றியதற்குத் தளம் நடத்துபவரைப் பதிப்பாளராகக் கருதக் கூடாது என்கிறது அது. முன்கூட்டியே படித்துப் பார்த்து அனுமதித்தாலும் பொதுவாக அந்தப் பாதுகாப்பு போய்விடாது. ஆனால் அதே வாசகத்தை எடுத்துக் காகிதத்தில் அச்சிட்ட நொடியில் பாதுகாப்பு மறைகிறது. அச்சிட்டவர் பழைய சட்டப்படி முழுப் பொறுப்பாளி. பக்கத்துத் தெருப் பயிற்சியாளர் ஓரவஞ்சனை செய்கிறார் என்று ஒருவர் எழுதுவது தளத்தில் கிடந்தால் ஒரு மாதிரி, இருபதாயிரம் வீட்டில் விழுந்தால் வேறு மாதிரி. கடுமையான எழுத்து ஏன் அச்சுக்கு இறங்கவில்லை என்பதற்கு, ஊர்க்காரர்களின் இனிய சுபாவம் மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. இரண்டு வாசல்களிலும் நின்ற ஆசிரியரின் கை இயல்பாகவே நாய்க்குட்டிப் படத்தின் பக்கம்தான் போகும்.

அதனால் வந்த குறையையும் சொல்ல வேண்டும். மனைப் பிரிவுக்கு யார் அனுமதி கொடுத்தார், தண்ணீர் எங்கிருந்து வரும், பள்ளி வாரியத்தின் கணக்கு என்ன என்ற கேள்விகளைத் தன்னார்வலர்கள் தொடர்ந்து துரத்துவதில்லை. இரண்டு மணி நேரம் கூட்டத்தில் உட்கார்ந்து, ஆவணம் கேட்டு மனுப் போட்டு, மிரட்டல் வந்தால் வழக்கறிஞரைக் கேட்டு எழுத வேண்டிய வேலை அது. வாய்ஸ் அந்த இடத்தை நிரப்பியதாகச் சொன்னால் பொய். தாய் நாளிதழ் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவரை இந்தக் குறை தெரியவில்லை.

இரண்டாவது கிளை

2005 தொடக்கத்தில் அதே நிறுவனம் ‘பேக்கோடோப்பியா’ என்ற தளத்தைத் திறந்தது. ஊரை இளைஞர்கள் செல்லமாகப் ‘பேக்கோ’ என்பார்கள். அதிலிருந்து வந்த பெயர். பின்னணியில் இருந்தவர் டான் பச்சேகோ. கிரெய்க்ஸ்லிஸ்ட் ஊரை விழுங்குவதற்குள் நாமே இலவச வரி விளம்பரத் தளம் வைத்துவிடுவோம் என்பது எண்ணம். தன் கஜானாவில் தானே ஓட்டை போடுவது போலத்தான். ஆனாலும் ஓட்டை எப்படியும் விழப்போகிறது என்று தெரிந்த பிறகு அதைத் தன் கையால் போடுவது புத்திசாலித்தனம். நாளிதழின் பெயரை முன்னால் காட்டவில்லை. காட்டினால் இருபது வயதுக்காரர்கள் வரமாட்டார்கள்.

வந்தவர்கள் பழைய சோபாவை விற்க வரவில்லை. தங்கள் இசைக்குழுவைப் பற்றிப் பேச வந்தார்கள். பேக்கர்ஸ்ஃபீல்டு இசைக்குப் பேர்போன ஊர். ‘கன்ட்ரி’ எனப்படும் அமெரிக்க இசை வகையில் இந்த ஊரின் பெயராலேயே ஒரு பாணி உண்டு, பக் ஓவன்ஸும் மெர்ல் ஹேகர்டும் எழுப்பியது. புதுத் தலைமுறைக் குழுக்களுக்குப் பழைய நாளிதழில் இடம் இல்லாததால் இங்கே குவிந்தார்கள். நடத்தியவர்கள் பிடிவாதம் பிடிக்காமல் தளத்தைச் சமூக வலைத்தளமாக மாற்றினார்கள். அதற்கும் பிறகு ஓர் அச்சு இதழ் வந்தது. உறுப்பினர் பக்கம், படம், பதிவு ஆகியவற்றுக்கான இந்த மென்பொருள், நாளிதழ் நிறுவனத்தின் மற்றத் தளங்களுக்கும் பரவியது. வந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்று பார்த்துக் கடையின் பலகையை மாற்றிய இந்த இணக்கம்தான், முழு நிகழ்விலும் எனக்கு மிகப் பிடித்தது.

மற்றவர்கள் கற்றதும் கற்காததும்

2005-இல் இது ஒரு காய்ச்சல்போலப் பரவியது. தென் கரோலினாவின் ப்ளஃப்டன் என்ற சிற்றூரில் மோரிஸ் என்ற பத்திரிகை நிறுவனம் ‘ப்ளஃப்டன் டுடே’ என்று இலவச நாளிதழையும் தளத்தையும் ஒன்றாகத் தொடங்கியது. நிருபர்கள் உட்பட எல்லோருக்கும் தளத்தில் ஆளுக்கொரு பக்கம். அங்கே எழுதியவற்றிலிருந்து அச்சுக்கும் எடுத்தார்கள். 2000-இல் 1,300 பேர்கூட இல்லாத அந்த ஊர் பத்தாண்டில் 12,000-ஐத் தாண்டியது. பேக்கர்ஸ்ஃபீல்டின் வடமேற்குபோலவே, ஒருவரையொருவர் அறியாத புதுக் குடியேறிகள் நிறைந்த ஊர். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நான்கு தலைமுறையாக ஒரே தெருவில் வாழ்பவர்களுக்கு அறிமுகப் பலகை தேவைப்படாது.

அதே ஆண்டு ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ், இராக் போர் பற்றிய தலையங்கம் ஒன்றை எவர் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் திறந்துவைத்தது. ஆபாசப் படங்கள் குவிந்து, மூன்றாம் நாளே மூட வேண்டியதாயிற்று. 175 கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு வாசல்கள். ஒன்றில் பேஸ்பால் படம், மற்றொன்றில் இது. தெரிந்தவர் பார்ப்பார் என்ற கூச்சம் ஒரு ஊரை எவ்வளவு தூரம் கட்டிவைக்கிறது என்பதற்கு இதைவிடச் சோதனைச்சாலை வேண்டாம்.

டென்வரில் ‘யுவர்ஹப்’ என்று பல புறநகர்களுக்குத் தனித்தனித் தளமும் வார அச்சு இணைப்பும் வந்தன. அதைத் தொடங்கிய நாளிதழ்களில் ஒன்றான ‘ராக்கி மவுன்டன் நியூஸ்’ 2009 பிப்ரவரி 27 அன்று, 150 ஆண்டு நிறைய இரண்டு மாதம்கூட இல்லாத நிலையில், கடைசி இதழை அச்சிட்டது. யுவர்ஹப் மட்டும் டென்வர் போஸ்டின் கையில் தொடர்ந்தது. பிள்ளை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை.

சிகாகோவின் கதை இன்னும் கசப்பு. சிகாகோ ட்ரிப்யூன் 2007-இல் ‘டிரிப்லோக்கல்’ தொடங்கியபோது வாய்ஸின் வழிதான்: புறநகர் மக்கள் எழுதுவார்கள், அச்சு இணைப்பாக வரும். 2012-இல் செலவைக் குறைக்க, ஊழியர்களில் பலரை நீக்கிவிட்டு, பக்கங்களை நிரப்பும் வேலையை ஜர்னாடிக் என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். அந்த நிறுவனம் பிலிப்பைன்ஸில் இருந்தவர்களைக் குறைந்த கூலிக்கு எழுத வைத்து, சில கட்டுரைகளுக்கு அமெரிக்கர்போல ஒலிக்கும் பொய்ப் பெயர்களைப் போட்டது என்பது அந்த ஆண்டு கோடையில் வானொலியில் அம்பலமாயிற்று. பிறகு வேறோர் எழுத்தைத் திருடியதும் தெரியவந்து, ஜூலையில் ட்ரிப்யூன் அந்த ஏற்பாட்டை நிறுத்திவைத்தது. ஊரார் தம் பெயரைக் காகிதத்தில் பார்ப்பதற்காகத் தொடங்கிய முயற்சி, ஊரில் இல்லாத ஒருவர் இல்லாத பெயரில் எழுதுவதில் முடிந்தது. வாசகர் எழுத்தை மலிவான சரக்கு என்று மட்டும் எண்ணிப் பார்த்தவர்கள், அதைவிட மலிவான சரக்கு கிடைத்ததும் மாறியதில் வியப்பில்லை.

பேக்கர்ஸ்ஃபீல்டில் பிறகு

வாய்ஸ் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 2004 பிப்ரவரியில், ஹார்வர்டு மாணவர் விடுதி ஒன்றில் ஃபேஸ்புக் தொடங்கியிருந்தது. 2006 செப்டம்பரில் அது எல்லோருக்கும் திறக்கப்பட்டது. பேஸ்பால் படத்தை இனி ஆசிரியரின் வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை. ஏற்றிய நிமிடமே தாத்தாவும் அத்தையும் விருப்பம் தெரிவிப்பார்கள். கூலி காகிதத்திலிருந்து கைபேசிக்கு மாறியது. அதே சமயம் வீட்டுச் சந்தை நொறுங்கியது. அதிகமான வீடுகள் கடனில் மூழ்கி ஏலத்துக்குப் போன அமெரிக்க நகரங்களில் பேக்கர்ஸ்ஃபீல்டும் ஒன்று. வாய்ஸைப் பெற்றெடுத்த புது மனைகளே முதலில் வாடின. மனை விற்றவர்கள், திரைச்சீலை விற்றவர்கள், புல்தரை போட்டவர்கள் எல்லோரும் விளம்பரச் செலவைச் சுருக்கும் காலம் வந்தது.

பச்சேகோ விடவில்லை. யார் வேண்டுமானாலும் தங்களுக்கென ஒரு சிறு இதழை வடிவமைத்து, உள்ளூர்க் கடைக்காரர்கள் தாமாகவே அதில் விளம்பரம் போட்டு, அச்சிட்டுக்கொள்ளும் ‘பிரின்ட்காஸ்டிங்’ என்ற திட்டத்துக்கு, இதழியல் முயற்சிகளுக்கு நிதி தரும் நைட் அறக்கட்டளை 2008-இல் 8,37,000 டாலர் கொடுத்தது. வாய்ஸ் ஒரு வட்டாரத்துக்கு இதழ் போட்டதென்றால், இது ஒவ்வொரு தெருவுக்கும், ஒவ்வொரு பொழுதுபோக்குக்கும் போடும் கணக்கு. கருவி வேலை செய்தது. ஆனால் இதழ் உருவாக்குவது எளிதானதும், அதை அச்சிட்டு வீட்டு வாசலில் போடுவது யார் என்ற பழைய கேள்வி திரும்ப வந்து நின்றது. வாய்ஸுக்கு அந்த வேலையை நாளிதழின் லாரிகள் செய்தன. இங்கே லாரி இல்லை. 2010 வாக்கில் அவர் மின்னூல் உருவாக்கும் கருவியின் பக்கம் நகர்ந்தார்; பிற்பாடு சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் இதழியல் பேராசிரியரானார். ஃபுல்டன் ‘கலிஃபோர்னியா எண்டோமென்ட்’ என்ற அறக்கட்டளைக்குப் போனார்.

2019 கோடையில் ஹாரலின் வாரிசுகள் பத்திரிகையை விற்றார்கள். 122 ஆண்டுக் குடும்ப உரிமை அத்தோடு முடிந்தது. 2004-இல் முதல் இதழில் பல் விழுந்த வாயோடு சிரித்த ஏழு வயதுப் பிள்ளை யாரேனும் இருந்திருந்தால், அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்து வைத்த தாத்தாவின் பெட்டியில் அது இன்னும் பத்திரமாக இருக்கக்கூடும். தளத்தின் முகவரியைத் தட்டினால் பழைய பக்கம் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.